உச்சியில் இருந்த நோட்டு

குக்கர் பழுது பார்ப்பவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விசில்காரர் என்றால்தான் தெரியும். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே காத்திருக்க வேண்டிய கடை அது. சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் கேஸ்கட். வந்த குக்கரில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். முதல் விசில் வந்ததும் கண்ணைத் திறக்காமலே, "கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு, மூடி கோணியிருக்கு. கீழ போட்டீங்களா?" என்பார். போட்டிருப்பார்கள்.

கடையில் ஒரு தகரப் பலகை தொங்கும். 'சத்தம் மாறினால் முதலில் இறக்கு' என்று அவரே கோணல்மாணலாக எழுதியது. சேஃப்டி வால்வில் ஆவி கசிகிறதென்று அதில் விளக்குமாற்றுக் குச்சியைச் செருகி, மூன்று நாள் சமைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள் சிலர். அவர்களை மட்டும் அவர் சும்மா விடமாட்டார். "அது கசியறது உங்க நல்லதுக்கு. வாய அடைச்சா நோவு போயிடுமா?" என்று தெருவே கேட்கும்படி ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அடுத்தவர் குக்கருக்கு இவ்வளவு நியாயம் பேசியவர் தன் தலைக்கு என்ன செய்தார் என்பதுதான் கதை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. மச்சினன். மனைவியின் தம்பி, மெத்தைக் கடை வைத்திருப்பவன். விற்பதற்கு முன் ஒவ்வொரு மெத்தையிலும் ஒரு மணி நேரம் படுத்துப் பார்ப்பதுதான் தொழில் தர்மம் என்று நம்புகிற ஆள். அவன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பதினைந்தாயிரம் அடி உயர மலை ஒன்றில் ஏறிவிட்டு வந்தான். அல்லது வந்ததாகச் சொன்னான். அன்றிலிருந்து குடும்பத்தில் யார் வீட்டில் நாலு பேர் கூடினாலும் அந்த மலைதான் பேச்சு. வருடத்துக்கு வருடம் மலையின் குளிர் இரண்டு டிகிரி இறங்கியது, காற்றின் வேகம் கூடியது, மச்சினனின் தொப்பையும் கூடவே வளர்ந்தது.

சாட்சிக்கு ஒரு போட்டோ உண்டு. கடையில் மெத்தை அடுக்குக்கு மேலே மாட்டியிருந்தான். குல்லாய் போட்ட மச்சினன் பல்லைக் காட்டுகிறான், பின்னால் ஒரே வெள்ளை. மலை உச்சி என்றால் மலை உச்சிதான். கொசுவலைக்குள் நின்று எடுத்தது என்றாலும் மறுக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விசில்காரருக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள, நீ ஏறினதுக்கு அந்தப் பஞ்சு மூட்டை போட்டோவ விட்டா வேற என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டார்.

மச்சினன் அசரவில்லை. "உச்சியில ஒரு இரும்புப் பெட்டி இருக்கு மாமா. அதுக்குள்ள ஒரு நோட்டு. ஏறினவங்க எல்லாம் பேர் எழுதுவாங்க. என் பேரும் இருக்கு. சந்தேகம்னா போய்ப் பாத்துட்டு வாங்க." பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "ஆனா உங்களால ஆகாது மாமா. நீங்க உக்காந்த இடத்துல விசில் கேக்கற ஆளு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். விசில்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. "போறேன். உன் பேர் அங்க இல்லன்னா அந்தப் போட்டோவக் கடையிலேர்ந்து கழட்டிடணும்."

"இருந்தா?"

"இருந்தா, இனிமே உன் மலைக் கதைய நீ சொல்ல வேண்டாம். எங்க நாலு பேர் கூடினாலும் நானே சொல்றேன்."

இதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு இருக்க முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "உங்க வயசே மலையேறிப் போச்சு. இதுல நீங்க வேற மலையேறணுமா?"

"பந்தயம் கட்டியாச்சு."

"அப்ப நானும் வர்றேன். வழியில விழுந்தா தூக்க ஆள் வேணும்ல."

மனைவியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விசில்காரர் இருபது வருடமாக அதைக் கவனிக்கவே இல்லை. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மாடிப்படி துடைப்பது அவள் வேலை. மாடிக்கு இருபத்திரண்டு படி. காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை. தண்ணீர் வாளியோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்பது அந்தக் கட்டடத்துச் சட்டம். ஆகவே வாளியும் அவளும் இருபது வருடமாக நடந்தே ஏறியிருந்தார்கள்.

பயிற்சிக்கு அந்தப் படிகளையே விசில்காரர் பிடித்துக்கொண்டார். முதுகுப் பையில் நாலு குக்கரைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் ஏறுவார். மூன்றாவது மாடியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். மனைவி கீழேயிருந்து துடைத்துக்கொண்டே வந்து அவரைத் தாண்டிப் போவாள். "ஈரத்துல கால வைக்காதீங்க" என்பதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டாள். இரண்டு மாதத்தில் அவர் ஏழு மாடியையும் நிற்காமல் ஏறினார். தொடை இறுகியது, சட்டைப் பொத்தான் சிரமமில்லாமல் பூட்டியது. தனக்குள் ஒரு மலையேறும் வீரன் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தொலைத்தார்.

மலைக்குப் போனபோது கூட்டத்தில் மொத்தம் ஏழு பேர். வழிகாட்டி ஒரு குள்ளமான மனிதர், அதிகம் பேசாதவர், சமையலும் அவர்தான். உதவிக்கு இன்னொருவர் கடைசியில் நடந்து வருவார். முதல் நாளே வழிகாட்டி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். "மெதுவா நடங்க. தாகம் இல்லன்னாலும் தண்ணி குடிங்க. தலை வலிச்சா என்கிட்ட மறைக்காதீங்க. இங்க வீரனுக்கு வேலை இல்ல."

விசில்காரர் காதில் இது விழுந்ததோ இல்லையோ, முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். இரண்டாம் நாள் நடுவில் நடந்தார். மூன்றாம் நாள் பத்து அடிக்கு ஒரு முறை காட்சியை ரசித்தார். காட்சி என்னவோ வழியெல்லாம் ஒன்றுதான், கல்லும் சரிவும். மூச்சு மட்டும் உள்ளே போன பாதியிலேயே தீர்ந்துவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையவில்லை. மனைவியோ ஒரே சீராக, ஒரு அடிக்கு ஒரு மூச்சு என்று நடந்தாள். கையில் வாளி இல்லாதது ஒன்றுதான் அவளுக்கு வித்தியாசம்.

பன்னிரண்டாயிரம் அடியில் கூடாரம் போட்டார்கள். வழிகாட்டி குக்கரில் பயறு வேக வைத்தார். விசில்காரருக்குக் கை துறுதுறுத்தது. "நீங்க தள்ளுங்க, இது என் இலாகா" என்று உட்கார்ந்துவிட்டார். கேஸ்கட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே விசில் வந்தது. "என் கை பட்டதும் எப்படி வேலை செய்யுது பாத்தீங்களா" என்று மூன்று விசிலில் இறக்கினார்.

பயறு பல்லில் நறநறத்தது. எட்டுப் பேர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க காத்துக்கு அழுத்தம் கம்மி" என்றார் வழிகாட்டி. "விசில் சீக்கிரம் வந்துடும், உள்ள வெந்திருக்காது. இங்க விசில எண்ணினா பட்டினிதான். கடிகாரத்தப் பாக்கணும்."

முப்பது வருடத் தொழிலில் குக்கர் அவரை ஏமாற்றியது அதுதான் முதல் முறை. அவமானத்தில் தலை விண்ணென்று தெறித்தது. அவமானம்தான் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பார்த்தால் வலி போகவே இல்லை. பின்மண்டையில் உட்கார்ந்துகொண்டு, நாடித் துடிப்புக்கு ஒன்றாக இடித்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. மறைவாகப் போய் இரண்டு முறை வாந்தி எடுத்தார். பையிலிருந்து தலைவலி மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

"அவர்கிட்ட சொல்லாத" என்று மனைவியிடம் கெஞ்சினார். "இன்னும் ஒரு நாள்தான். நோட்டப் பாத்துட்டா போதும். இப்படியே திரும்பிப் போனா உன் தம்பி என்ன உயிரோட விடமாட்டான்."

அவர் முகம் லேசாக வீங்கியிருப்பதை அவள் பார்த்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் உச்சிக்குக் கிளம்பினார்கள். பாதையெங்கும் பனி. ஒரு அடி வைப்பார், நாலு மூச்சு வாங்குவார், அடுத்த அடியை யோசிப்பார். சாய்வு நாற்காலி மாதிரி ஒரு கரும்பாறை வந்தது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள். விசில்காரர் அந்தப் பாறையில் சாய்ந்ததும் உலகத்திலேயே சிறந்த மெத்தை இதுதான் என்று தோன்றியது. மச்சினன் ஞாபகம் வந்தது. எழுந்தார்.

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இவருக்கு நேத்துலேர்ந்து தலைவலி. ரெண்டு வாட்டி வாந்தி. மாத்திரை போட்டுக்கிட்டு மறைக்கறாரு."

வழிகாட்டி கோபப்படவில்லை. பனியில் குச்சியால் ஒரு கோடு கிழித்தார். "குதிகாலோட கட்டைவிரல் தொடற மாதிரி இதுமேல நடங்க." விசில்காரர் நடந்தார். கோடு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். மூன்றாவது அடியில் உதவியாளர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே எறங்குங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. அவருடைய குரல்தான். சத்தம் மாறினால் முதலில் இறக்கு. கசிகிற வால்வில் குச்சியைச் செருகியவர்களை முப்பது வருடம் திட்டியவர், மாத்திரை என்கிற குச்சியைத் தன் வாயில் தானே செருகிக்கொண்டு பதினாலாயிரம் அடிக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். தன் கடைக்குத் தானே ஒரு குக்கராக வந்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

உதவியாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியும் கூடவே இறங்கத் திரும்பினாள்.

"நீ போ" என்றார் விசில்காரர். உள்ளுக்குள் இருந்தது பாசம் பாதி, சூழ்ச்சி பாதி. "நீ மேல போய் அந்த நோட்டப் பாத்துட்டு வா."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

இறங்க இறங்கத் தலைவலி கரைந்தது. மூன்றாயிரம் அடி இறங்கியபோது காற்று நெஞ்சு நிறைய வந்தது. இவ்வளவு காலம் ஓசியில் கிடைத்ததால் அதற்கு ருசி உண்டென்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பசித்தது. மறுபடியும் பசிக்கிறதே என்று சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இரண்டு தட்டு பயறு சாப்பிட்டார். நன்றாக வெந்திருந்தது.

சாயங்காலம் மனைவி வந்து சேர்ந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. முகம் மட்டும் அவருக்கு அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் முகம் போல இருந்தது.

"நோட்டுல அவன் பேர் இருந்துச்சா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"மொதல்ல தண்ணி குடுங்க." குடித்தாள். "மேல எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. "எப்படி இருந்துச்சு?"

"சொல்ல மாட்டேன். நோட்டப் பத்தியும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தார். அவள் பிடி கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் தன் மனைவி, மகளோடு வந்துவிட்டான். வழக்கமாக நாற்காலியில் பரவி உட்காருபவன் அன்று நுனியில் உட்கார்ந்தான். "என்ன மாமா, நோட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு எச்சில் விழுங்கினான்.

விசில்காரர் கணக்குப் போட்டார். பார்க்கவில்லை என்றால் ஏறவில்லை என்று ஆகும். பெயர் இல்லை என்று அடித்துவிட்டு, இருந்து தொலைத்தால் மானம் போகும். மெத்தைக் கடைக்காரன் எங்கே கையெழுத்துப் போட்டாலும் பச்சை மையில்தான் போடுவான் என்பது ஞாபகம் வந்தது.

"பாத்தேன் மாப்ள. உன் பேர் இருக்கு. பச்சை மை."

மச்சினன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மாறாக, அவன் முகம் வெளிறியது. வாய் திறந்து மூடியது. விசில்காரர் முப்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பழகியவர். உள்ளே ஆவியே இல்லாத குக்கர் இது என்று அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. இவன் உச்சியைத் தொடவே இல்லை. ஆனால் தான் எழுதாத பெயரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்கிறவரும் ஏறியிருக்க முடியாது என்று மச்சினனுக்கும் அதே நொடியில் தெரிந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் கையும் களவுமாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆமா மாமா" என்றான் மச்சினன் மெல்ல. "பச்சைதான்."

"அப்ப பந்தயப்படி கதைய இவர்தான் சொல்லணும்" என்றாள் மனைவி, சமையலறை வாசலிலிருந்து.

வேறு வழியில்லை. மச்சினன் மலையேறிய கதையை விசில்காரர் சொல்லத் தொடங்கினார். பாதி மூச்சு, வேகாத பயறு, பின்மண்டை இடி என்று தான் பட்டதையெல்லாம் அவன் பட்டதாகச் சொன்னார். மச்சினன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அது நடிப்பில்லை. அவனும் பாதி மலை ஏறிப் பட்டிருக்கிறான் என்று புரிந்தபோது விசில்காரருக்கு அவன்மேல் முதல் முறையாகப் பாவமாக இருந்தது. "அப்புறம் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு கரும்பாறை வரும்" என்றார். மச்சினன் வேகமாகத் தலையாட்டினான். "ஆமா ஆமா, கரும்பாறை."

அங்கே கதை நின்றுவிட்டது.

"அதுக்கப்புறம் நீயே சொல்லு மாப்ள."

"இல்ல மாமா, நீங்கதானே புதுசாப் பாத்துட்டு வந்தவரு. நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேரும் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "பாறையத் தாண்டினா பாதை எடது பக்கம் திரும்பும்" என்றாள். "அங்கேர்ந்து செங்குத்து. நெஞ்சு அடிச்சுக்கறது காதுல கேக்கும். நூறு அடி எண்ணுவேன், நிப்பேன். திரும்ப நூறு. கால் கெஞ்சும். கெஞ்சினா கெஞ்சட்டும்னு விட்டுட்டேன். திடீர்னு ஏறறதுக்கு ஒண்ணும் இல்ல. நிமிந்து பாத்தா வானம் மட்டும்தான். நாம அண்ணாந்து பாத்துக்கிட்டு வந்த மலையெல்லாம் காலுக்குக் கீழ கிடக்கு. திரும்பிப் பாத்தேன். பனியில என் காலடி வரிசையா, அழுக்கா இருந்துச்சு. இத யாரும் தொடைக்க வேண்டாம்னு தோணுச்சு. நான் தொடைக்க வேண்டாம். சிரிச்சேன், அப்புறம் அழுதேன். அங்கயே உக்காந்துக்கிட்டேன்."

மச்சினன் மகள்தான் கேட்டாள். "அப்ப அப்பா கதையில வர்றது நீங்களா அத்தை?"

"எல்லாரும் சேந்து ஏறினதுதான்" என்றாள் அத்தை. "அவங்கவங்க கொஞ்சம் கொஞ்சம்."

மச்சினன் அன்று சீக்கிரமாகவே கிளம்பிவிட்டான். விசில்காரர் சமையலறைக்குள் போய் மனைவி பக்கத்தில் நின்றார். இருபது வருடமாக அவளை முதுகுப் பக்கம்தான் பார்த்திருக்கிறோம் என்று பட்டது. பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

"நெஜமாச் சொல்லு. நோட்டு இருக்கா?"

"நோட்டும் இல்ல, பெட்டியும் இல்ல. ஒரு கல்லுக் குவியல். ஏறினவங்க ஆளுக்கு ஒரு கல்லு வைப்பாங்க. நானும் வச்சேன்."

"எனக்கும் ஒண்ணு வச்சியா?"

"உங்க கல்ல நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்."

மறுநாள் காலையில் விசில்காரர் நாலு குக்கரையும் பையில் போட்டுக்கொண்டு ஏழு மாடிக் கட்டடத்துக்குப் போனார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்குவது கேட்டது. கண்ணை மூடியே கண்டுபிடித்திருப்பார். தொப்பையும் தோளில் ஒரு சுருட்டிய மெத்தையுமாக மச்சினன்.

"இங்க என்ன மாப்ள?"

"ஒரு ஆபீசுக்கு மெத்தை கொண்டாந்தேன் மாமா. லிஃப்ட் ரிப்பேராம்."

லிஃப்ட் அவர்களைத் தாண்டி மேலே போனது.

இருவரும் அதைப் பார்க்காதது போல் இருந்தார்கள். அப்போது கீழேயிருந்து வாளிச் சத்தம் ஏறி வந்தது. அவர் மனைவி, ஒரு அடிக்கு ஒரு மூச்சாக அவர்களைத் தாண்டிப் போனாள்.

"ரெண்டு பேரும் ஓரமா ஏறுங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "இப்பத்தான் தொடைச்சேன்."